அலரிச்செடியில் தொங்கிய கின்னரங்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அசனச் சாப்பாடு முடிந்த பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் சேகரத்து மக்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

"ஆராதனைக் கலைகளில் செயற்கை நுண்ணறிவு: வரமா, வம்பா?" இதுதான் தலைப்பு. வம்பு என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி போனை எடுத்து, "அறுவடை, நன்றி, தாமிரபரணி" என்று மூன்று வார்த்தை தட்டினார். ஒரு நிமிஷத்தில் புல்லாங்குழலோடு ஒரு பாட்டு வந்து விழுந்தது. நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது? நான் எழுதும் பாட்டைவிட அது நன்றாகவே இருந்தது. அதனால் இயந்திரப் பாட்டு மட்டம் என்று நான் வாதாடப் போவதில்லை. இன்றைக்கு மட்டமாக இருந்தாலும் அடுத்த வருஷம் தேறிவிடும். அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டால் வருஷா வருஷம் நான் ஒரு அடி பின்னால் நகர வேண்டியதுதான்.

ஒரே ஒரு கதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஆசையை அடக்க முடியவில்லை. எங்கள் சபையில் கோடை விடுமுறைக்கு வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, நடந்தது. பாட்டு எழுத ஆளில்லை என்று செயலியில் ஒரு பாட்டு செய்து ஸ்பீக்கரில் போட்டார்கள். "நீரே வழி" என்று எழுதிக் கொடுத்ததை அது "நீரே வலி" என்று பாடிவிட்டது. நாற்பது பிள்ளைகள், ஆக்‌ஷனோடு, பத்து நாள், "இயேசுவே, நீரே வலி!" நியாயமாகச் சொன்னால் எங்கள் பாடகர் குழுவிலும் ழகரம் வராதவர்கள் நாலு பேர் உண்டு. ஆனால் அவர்களைத் திருத்தப் பின்வரிசையில் ஒரு பாட்டியம்மா இருக்கிறார். முறைத்தே திருத்திவிடுவார். ஸ்பீக்கரை முறைத்து என்ன ஆகப்போகிறது?

சரி, எதிரணியின் வாதங்களுக்கு வருகிறேன். முதலில் ஆர்கனைக் கொண்டுவந்தார்கள். ஒரு காலத்தில் அதையும்தானே கூடாது என்றீர்கள் என்று கேட்டார்கள். உண்மைதான். சூரிச் நகரத்துப் பெரிய ஆலயத்தில் 1527இல் ஆர்கனையே உடைத்துப் போட்டார்கள். அந்தச் சீர்திருத்தத்துக்குத் தலைமை தாங்கிய சுவிங்கிலி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர் என்பதுதான் வேடிக்கை. அவர்கள் செய்தது தப்பு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்கன் முன்னால் பத்து விரலோடும் இரண்டு காலோடும் ஒரு ஆள் உட்காராவிட்டால் அது வெறும் மர அலமாரி. இந்தச் செயலிக்கு ஆளே வேண்டாம் என்பதுதானே அதன் விளம்பரம்?

அப்புறம் அச்சு இயந்திரம். தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதைத் தம்பி அழகாகச் சொன்னார். அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் நடந்ததை விட்டுவிட்டார். 1706இல் கப்பலை விட்டு இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். ஒரு ஜெர்மன்காரர், இருபத்து நாலு வயசு, பிள்ளைகள் சிரித்திருக்க மாட்டார்களா? அச்சு இயந்திரம் பிறகு வந்தது. அது அவருக்காகத் தமிழ் கற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் அணிக்கு அறிவியல் என்றால் பயம் என்றார்கள். நம் நெல்லைச் சீமையில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம், பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியோடு சேர்ந்து படித்தவர். அவர் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியில் சூரியனைச் சுற்றிக் கோள்கள் ஓடுவது வருகிறது. கொப்பர்நிக்கஸ் சொன்ன வானவியல், குறத்தி குறி சொல்லும் இலக்கியத்தில்! அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு புதுசு என்று நினைத்துப் பாருங்கள். அவர் புதுமையைத் தன் பாட்டுக்குள் கொண்டுவந்தார். படித்து, புரிந்து, தன் யாப்பில் உட்காரவைத்தார். நாம் செய்வது தலைகீழ். பாட்டையே புதுமையிடம் கொடுத்துவிட்டு நாம் கேட்கிறவர்களாக உட்கார்ந்துவிடுகிறோம்.

அப்படி உட்கார்ந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜூன் மாதம் ஜெர்மனியில் ஃபூர்த் என்ற ஊரின் புனித பவுல் ஆலயத்தில் சாட்ஜிபிடியை வைத்து ஒரு ஆராதனை நடத்தினார்கள். நாற்பது நிமிஷம். பிரசங்கம், ஜெபம், இசை எல்லாம் அதுவே. திரையில் நாலு பொம்மை முகங்கள் மாறி மாறிப் பேசின. முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். விசுவாசத்தைக் காத்துக்கொள்ள நாம் ஜெபிக்க வேண்டும், தவறாமல் ஆலயத்துக்குப் போக வேண்டும் என்று அந்த முகம் கண் இமைக்காமல் சொன்னபோது ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். நம் குருவானவர் இதே வார்த்தையை வாரா வாரம் சொல்கிறார், யாரும் சிரிப்பதில்லை. ஏன்? அவர் மழையில் நனைந்துகொண்டு ஆலயத்துக்கு வருவதை நாம் பார்த்திருக்கிறோம்.

இனி எதிரணியின் பலமான வாதம். பாடகர் குழு இல்லாத, கீபோர்டு வாங்க வழியில்லாத கிராமத்துச் சபை என்ன செய்யும்? இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன், நானும் அப்படிப்பட்ட சபையிலிருந்து வந்தவன்தான். எங்கள் ஊரில் இருந்தது ஒரு ஜோடி தாளம், ஒரு டோலக். ஆலயப் பணி பார்க்கும் கோயில்பிள்ளைதான் முன்பாட்டு எடுப்பார். எழுத்துத் தெரியாத பாட்டிகள் அறுபது, எழுபது கீர்த்தனையைச் சரணம் பிசகாமல் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பாட்டு குறைவாக இருந்த இடத்தில் பாடுகிறவர்கள் குறைவாக இருந்ததில்லை. இப்போது அந்தச் சபைக்கு ஒரு ஸ்பீக்கரும் தினம் ஒரு புதுப் பாட்டும் கொடுத்தால் முதலில் வாய் மூடுவது அந்தப் பாட்டிகள்தான். அடுத்து, யூத் பெல்லோஷிப்பில் முதல்முறையாகக் கோணல்மாணலாய் ஒரு பாட்டு எழுத இருந்த பையன். செயலி அவனைவிட நன்றாக எழுதும்போது அவன் எதற்கு எழுத வேண்டும்? எனக்குப் பெரிய கவலை அவனைப் பற்றித்தான்.

பழைய பாட்டுப் புத்தகத்தைத் தட்டச்சு செய்யவா, காது கேளாதவர்களுக்குத் திரையில் வரி ஓட்டவா, சுருதி மாற்றிக் கொடுக்கவா, செயலியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். நானே உபயோகிக்கிறேன். ஆனால் அதன் பாட்டைப் பலிபீடத்தில் வைக்காதீர்கள்.

தாவீது ராஜாவுக்குப் பலியிட ஒரு களம் தேவைப்பட்டது. அறுவடைக்காரர்கள் நமக்குக் களம் என்றால் என்னவென்று தெரியும். களத்துக்குச் சொந்தக்காரன், அர்வனா என்கிற எபூசியன், களமும் இலவசம், மாடும் இலவசம், விறகும் இலவசம் என்றான். ராஜா ஐம்பது சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் பலியிட்டார். இலவசமாக வந்ததைக் கர்த்தருக்குக் கொடுக்க அவருக்கு மனசில்லை. செயலிக்கு மாதச் சந்தா கட்டுகிறோமே என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, சந்தா வேறு, காணிக்கை வேறு.

கடைசியாக ஒன்று. 137ஆம் சங்கீதம். சிறைபிடித்துக்கொண்டு போனவர்கள் பாபிலோன் ஆற்றங்கரையில் யூதர்களிடம், சீயோன் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்கிறார்கள். தம்பி போனில் தட்டினாரே, கிட்டத்தட்ட அதே மாதிரியான கட்டளை. அவர்கள் பாடினார்களா? தங்கள் வாத்தியங்களான கின்னரங்களை அலரிச்செடியில் தொங்கவிட்டார்கள். "கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் நாங்கள் பாடுவதெப்படி?" என்று கேட்டார்கள். சரபோஜி தன் தெய்வத்தின்மேல் பாடச் சொன்னபோது சாஸ்திரியார் மாட்டேன் என்றார் என்று நம் சபைகளில் வழிவழியாகச் சொல்வார்களே, அதுவும் இந்த வகைதான். மாட்டேன் என்று சொல்ல முடிகிறவன் பாடினால்தான் ஐயா அது துதி. செயலியிடம் எதைக் கேட்டாலும் பாடும். காலையில் நமக்குக் கீர்த்தனை, மத்தியானம் சோப்பு விளம்பரம், ராத்திரி இன்னொரு கோயிலுக்குப் பஜனை, எல்லாம் ஒரே பக்தியோடு.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் சுனாமி அலையில் போனார்கள். அடுத்த ஞாயிறு அந்தக் கரையோரத்துக் கோயில்களில் பாட்டு எப்படி வந்திருக்கும்? எத்தனை தொண்டை பாதியில் அடைத்திருக்கும்? அடைத்த தொண்டையோடு நின்றதும் ஆராதனைதான். எந்தச் செயலிக்கு ஐயா தொண்டை அடைக்கும்?

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். நடுவர் ஐயா, வருகிற ஞாயிறு எங்கள் சபையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொந்தமாக எழுதிய பாட்டைப் பாடப்போகிறான். இரண்டாவது சரணத்தில் தாளம் தப்பும், ஒத்திகையில் கேட்டுவிட்டேன். பின்வரிசைப் பாட்டியம்மாவும் இருப்பார். நீங்களும் வாருங்கள். தீர்ப்பை அதைக் கேட்ட பிறகு சொன்னாலும் சரி.