ஹத்தீனில் வென்றது சலாவுதீனின் திட்டமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1187 ஜூலை 4 அன்று கலிலேயாவின் ஹத்தீன் குன்றில், ஐரோப்பியச் சிலுவைப் போர்வீரர்கள் நிறுவிய எருசலேம் அரசின் படை அழிந்தது. அதற்குக் காரணம் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாவுதீனின் திட்டமா, சிலுவைப் படைத் தலைவர்களின் தவறா என்பதே இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், எருசலேம் மன்னர் கீ, படை தங்கியிருந்த ஸப்பூரியாவின் ஊற்றுகளை விட்டு நீரில்லாத மேட்டுநிலத்தில் படை நடத்தியதே அழிவுக்குக் காரணம் என்றார். அங்கிருந்து நகர வேண்டாம் என்று திரிப்போலியின் கோமகன் ரேமண்ட் சொன்ன யோசனையைக் கேட்டிருந்தால் படை பிழைத்திருக்கும் என்றும் சொன்னார். அந்த நிகழ்ச்சிகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. அந்தத் தவறை மன்னர் செய்தே தீர வேண்டிய நிலையை உருவாக்கியது யார் என்பதுதான் என் கேள்வி.

நான்கு ஆண்டுகள் பின்னால் போவோம். 1183இல் சலாவுதீன் இதே கலிலேயாவுக்குள் புகுந்தபோது, தொழுநோயால் தளர்ந்திருந்த மன்னர் நான்காம் பால்ட்வினுக்குப் பதிலாகப் படையை நடத்தியவர் இதே கீ. நீர்நிலையை விட்டு நகராமல், போருக்கும் இறங்காமல் அவர் காத்திருந்தார். உணவு குறைந்ததும் சுல்தான் திரும்பிப் போனார். போர்முறைப்படி அது சரியான முடிவு. ஆனால் சொந்தப் பிரபுக்களே அவரைக் கோழை என்று பழித்தார்கள், விரைவில் பதவியும் பறிபோனது. ஊற்றருகே அமர்ந்திருக்கும் படையை அசைக்க முடியாது, அது தானாக எழுந்து வருவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்ற பாடம் அன்று சலாவுதீனுக்குக் கிடைத்தது.

அந்தக் காரணத்தை அவரே உண்டாக்கினார். 1187 ஜூலை 2 அன்று திபேரியா நகரைத் தாக்கிப் பிடித்தார். உள்கோட்டையில் சிக்கிக்கொண்டவர் ரேமண்டின் மனைவி எஷீவா. தன் மனைவியே முற்றுகையில் இருந்தும் "நகரம் போனால் போகட்டும், படை நகர வேண்டாம்" என்று வாதாடிய ரேமண்டை நான் மனமார மதிக்கிறேன். மன்னரும் அதை ஏற்றார். ஆனால் அன்றிரவே துறவு பூண்ட போர்வீரர்களின் அமைப்பான டெம்ப்ளர் சபையின் தலைவர் ஜெரார்ட், மன்னரின் கூடாரத்துக்குப் போய் அந்த முடிவை மாற்றினார். முற்றுகையில் சிக்கிய ஒரு பிரபுவின் மனைவியைக் கைவிட்டால் மன்னருக்கு மானம் போகும். காக்கப் புறப்பட்டால் படை தண்ணீரை இழக்கும். எந்தப் பக்கம் போனாலும் இழப்பு என்ற இடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் எடுத்த முடிவை வெறும் தவறு என்று எப்படிச் சொல்வது?

அடுத்து, அந்த நடைப்பயணத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 20,000 பேர், அவர்களில் குதிரைமேல் கவசம் அணிந்த வீரமறவர்கள் சுமார் 1,200 பேர், ஜூலை வெயிலில் கிழக்கு நோக்கி நடக்கிறார்கள். வழியில் துர்ஆன் என்ற இடத்தில் ஒரு ஊற்று உண்டு. அதைக் கடந்து படை முன்னேறிய பிறகு, சுல்தானின் அண்ணன் மகன் தகியுத்தீனும் தளபதி கோக்பூரியும் தத்தம் அணிகளைப் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, அந்த ஊற்றுக்குத் திரும்பும் வழியை அடைத்தார்கள். என் வாதத்தின் உயிர்நிலை இந்த இடம். எதிரி தடுமாறியபோது தற்செயலாக நடந்த காரியமா இது? அன்றிரவு சிலுவைப் படை மஸ்கனா என்ற இடத்தில் ஒரு சொட்டு நீரின்றிக் கிடந்தது. எதிரே சுல்தானின் படைக்கோ, திபேரியா ஏரியிலிருந்து ஒட்டகங்கள் தோற்பைகளில் தண்ணீர் கொண்டுவந்தபடி இருந்தன. அம்புச் சுமைகளும் இரவிலேயே பங்கிடப்பட்டன. விடிந்ததும் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். நா வறண்டு நின்றவர்களின் முகத்தில் காற்று அந்தப் புகையைக் கொண்டுவந்து அடித்தது. காலாட்படை வரிசையை விட்டு விலகிக் குன்றின் மேல் ஏறி, மன்னர் அழைத்தும் இறங்க மறுத்தது.

இத்தனையும் ஒரே வாரத்தில் முளைத்தவை அல்ல. 1099இல் எருசலேம் சிலுவைப் படையிடம் வீழ்ந்தபோது, கெய்ரோவின் பாத்திமியர், சிரியாவின் செல்ஜூக்கியர் என்ற இரு முஸ்லிம் அரச மரபினரும் ஒருவரோடொருவர் பகைத்து நின்றார்கள். எகிப்து, 1174இல் டமாஸ்கஸ், 1183இல் அலெப்போ, 1186இல் மோசுலின் பணிவு என்று அந்தப் பிளவை ஒவ்வொன்றாக மூடியவர் சலாவுதீன். அதற்காக முஸ்லிம்களோடே பல ஆண்டுகள் போரிட்டார் என்ற குறை அவர்மேல் அன்றே சொல்லப்பட்டது. அந்தக் குறையை மறைத்து நான் பேசமாட்டேன். ஆனால் அந்த ஆண்டுகள் இல்லையென்றால் ஹத்தீனில் அந்தப் படை இல்லை.

எதிரி தானே தோற்றுப்போனார் என்றால், கடைசி நேரம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். தான் கண்ட முதல் பெரும்போர் அது என்று சுல்தானின் மகன் அல் அஃப்தல் சொன்னதை வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் பதிவு செய்திருக்கிறார். குன்றின் மேலிருந்து வீரமறவர்கள் பாய்ந்து, முஸ்லிம் வரிசையைச் சுல்தான் நின்ற இடம் வரை தள்ளிவந்தார்கள். சுல்தான் முகம் வெளுத்துத் தாடியைப் பற்றிக்கொண்டார். அவர்கள் பின்வாங்கியதும் மகன் "வென்றுவிட்டோம்" என்று கூவினான். ஆனால் அவர்கள் மறுபடியும் பாய்ந்துவந்தார்கள். இரண்டாம் முறையும் விரட்டப்பட்டபோது அவன் மீண்டும் கூவ, தந்தை அவன் பக்கம் திரும்பி, "பேசாதே, அந்தக் கூடாரம் சாயும் வரை நாம் வெல்லவில்லை" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மன்னரின் கூடாரம் சாய்ந்தது. சுல்தான் குதிரையிலிருந்து இறங்கி, மண்ணில் நெற்றி பதித்து, மகிழ்ச்சியால் அழுதார்.

நன்றி, வணக்கம்.