எட்மண்டின் பொய்

அவையோருக்கு வணக்கம். சி. எஸ். லூயிஸ் எழுதிய ஏழு நார்னியா நூல்களில் முதலாவதாக, 1950இல் வெளிவந்தது 'சிங்கமும் சூனியக்காரியும் உடை அலமாரியும்'. அதை நான் விரும்பிப் படிக்கிறேன்; ஆனால் முழு மனத்தோடு பாராட்ட முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் எட்மண்ட் என்ற சிறுவன்தான்.

போர்க்காலக் குண்டுவீச்சின் காரணமாக லண்டனிலிருந்து நாட்டுப்புற வீடொன்றுக்கு அனுப்பப்பட்ட நான்கு உடன்பிறப்புகளில் அவன் மூன்றாமவன். அலமாரி வழியே பனி மூடிய நார்னியா என்ற மாய நாட்டுக்குள் சென்று, வெள்ளைச் சூனியக்காரி தந்த டர்கிஷ் டிலைட் என்ற இனிப்பைத் தின்று, இன்னும் வேண்டுமென்ற ஏக்கத்தில் உடன்பிறந்தாரை அவளிடம் அழைத்துவர ஒப்புக்கொள்கிறான். பிரிட்டனில் இனிப்புகளுக்கு 1953 வரை ரேஷன் இருந்ததால், அன்றைய குழந்தைகளுக்கு அவன் ஆசையை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. அந்த இனிப்பில் மாயமும் கலந்திருந்தது; பழியில் பாதியை அதன்மேல் போட்டுவிடலாம். ஆனால் திரும்பி வந்தபின், நார்னியாவைத் தன் கண்ணால் கண்டிருந்தும், அங்கே சென்றுவந்ததாக முன்பே சொல்லியிருந்த தங்கை லூசியோடு சேர்ந்து விளையாட்டுக்குக் கட்டிய கதை அது என்று மூத்தவர்களிடம் ஏளனமாகச் சொல்கிறானே, அதில் மாயம் எதுவும் இல்லை. தங்கை சொன்னது சரியென்று ஒப்புக்கொள்ள மனம் வராத சிறுமை மட்டுமே இருக்கிறது. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஏளனம் புதிதன்று.

விருந்துண்டுகொண்டிருந்த அணில் குடும்பத்தைச் சூனியக்காரி கல்லாக்கும்போது, அவன் முதன்முறையாகப் பிறர்க்கு இரங்குகிறான். அருமையான இடம் அது. அதன்பின்தான் எனக்குக் குறை. சூனியக்காரியிடமிருந்து மீட்கப்பட்டவனோடு அஸ்லான் என்னும் சிங்கம் தனியே பேசியதைச் சொல்லத் தேவையில்லை என்று ஆசிரியர் கடந்துவிடுகிறார். அதைக்கூடக் கண்ணியமான அடக்கம் என்று ஏற்கிறேன். ஆனால் எவளைப் பொய்யள் ஆக்கினானோ அந்த லூசியிடமும், மற்ற இருவரிடமும், ஒரே மாதிரி கைகுலுக்கி வருத்தம் தெரிவிப்பதோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

துரோகத்துக்காக உயிரிழக்க வேண்டியிருந்த எட்மண்டுக்குப் பதிலாக அஸ்லான் கல்மேசையில் உயிர்விட்டு மீண்டெழுகிறது. சூனியக்காரியோடு நடந்த போர் முடிந்தபின், இது அவனுக்குத் தெரியுமா என்று லூசி கேட்கிறாள். தெரிந்தால் தாங்கமாட்டான் என்கிறாள் அக்கா சூசன். ஆயினும் தெரிந்தாக வேண்டும் என்கிறாள் லூசி. அதற்குள் பேச்சு தடைப்படுகிறது. நான் லூசியின் பக்கம். தெரிந்தபின் எட்மண்ட் அதை எவ்வாறு சுமந்தான் என்ற அத்தியாயத்தையே இந்நூலில் தேடுகிறேன். லூயிஸ் அதை எழுதவில்லை.