காகிதப்பூவும் ஒரு கப்பல் காதலும்

நேயர்களுக்கு வணக்கம்.

காகிதப்பூச் செடி எல்லோருக்கும் தெரியும். அதன் இன்னொரு பெயர் பூகன்வில்லா. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடல் தளபதியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அவர் உலகைச் சுற்றிவந்த பயணத்தில், ரியோ டி ஜெனிரோ கரையில் அந்தச் செடியைச் சேகரித்தவர் பிலிபெர் கொம்மர்சோன் என்ற தாவரவியலாளர். அவருக்கு உதவியாளாக ஒரு பையன் கூடவே இருந்தான். பெயர் ழான் பாரே. அந்தப் பையன் உண்மையில் ஒரு பெண்.

பிரெஞ்சில் ழான் என்ற ஆண் பெயருக்கும் பெண் பெயருக்கும் எழுத்தில் சின்ன வித்தியாசம் உண்டு. தமிழில் எழுதினால் அதுவும் போய்விடுகிறது. பாரேவுக்கு வசதிதான்!

அவர் 1740-இல் பர்கண்டிப் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மனைவியை இழந்திருந்த கொம்மர்சோனின் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தார். 1764-இல் கருவுற்றார். மணமாகாத பெண் கருவுற்றால் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது அன்றைய பிரெஞ்சுச் சட்டம். பதிவு செய்தார், ஆனால் தகப்பன் யார் என்று சொல்ல மறுத்துவிட்டார். இருவரும் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளையை அனாதை விடுதியில் விட்டார்கள். அது அதிக நாள் பிழைக்கவில்லை.

அப்புறம்தான் கப்பல். பூகன்வில்லின் பயணத்தில் சேரக் கொம்மர்சோனுக்கு அழைப்பு வந்தது. அவருக்கோ காலில் ஆறாத புண், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கடற்படைக் கப்பலில் பெண் ஏறக்கூடாது என்று 1689-லேயே அரசாணை இருந்தது. அதனால் 1767 தொடக்கத்தில், ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் எத்துவால் என்ற கப்பல் புறப்படும் நேரத்தில், முன்பின் தெரியாதவர் போல ஆண் உடையில் வந்து வேலை கேட்டார் பாரே. கொம்மர்சோனும் அப்போதுதான் முதன்முறை பார்ப்பவர் போலச் சேர்த்துக்கொண்டார்.

ஆண்கள் நெருக்கியடித்து வாழும் கப்பலில் இது எப்படி ஒரு வருடத்துக்கு மேல் தாங்கியது? கொம்மர்சோனின் சாமான்கள் ஏகப்பட்டவை என்பதால், கப்பல் தலைவர் தன் அறையையே அவருக்கு விட்டுக்கொடுத்தார். அந்த அறைக்குத் தனிக் கழிவறை இருந்தது. சாதாரண மாலுமி என்றால் கப்பலின் முகப்பில், திறந்தவெளியில்தான் ஒதுங்க வேண்டும். கப்பல் காதலை எழுதுபவர்கள் நிலாவையும் அலையையும் எழுதுவார்கள். எனக்கென்னவோ இந்தக் கதையைக் காப்பாற்றியது அந்தக் கழிவறைதான் என்று தோன்றுகிறது.

இருந்தும் மாலுமிகள் முணுமுணுத்தார்கள். துருக்கியரிடம் சிக்கி ஆண்மை நீக்கப்பட்டவன் நான் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தார் பாரே.

தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் இருக்கும் மகெல்லன் நீரிணையின் பனிமலைகளில் உணவு, துப்பாக்கி, செடி ஒட்டும் ஏடுகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் ஏறி இறங்கியவர் பாரேதான். அந்த உழைப்பைப் பார்த்துக் கொம்மர்சோன் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தாராம். பூகன்வில் எழுதிவைத்திருக்கிறார்: பொதி மாடு. காதலி என்று வெளியே தெரியாமலிருக்க அப்படிச் சொன்னார் என்று அவருக்காக வாதாடலாம். சரி, இருக்கட்டும். எனக்கு அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

1768 ஏப்ரலில் தஹிதித் தீவில் கரையிறங்கியதும், அந்தத் தீவு மக்கள் பாரேவைச் சூழ்ந்துகொண்டு இவள் பெண் என்று கூவினார்கள். இது பூகன்வில் சொல்வது. கப்பல் மருத்துவர் விவேஸ் எழுதியது வேறு மாதிரி. அதன்படி உண்மை வெளிப்பட்டது பிறகு, பசிபிக் கடலில் உள்ள நியூ அயர்லாந்து தீவில், சக பயணிகளின் கையால், மிக அசிங்கமான முறையில். பயணத்தைப் பற்றிக் கிடைத்திருக்கும் நாட்குறிப்புகள் எல்லாம் ஆண்கள் எழுதியவை என்பதை மறந்துவிட வேண்டாம்.

பூகன்வில் விசாரித்தபோது பாரே கண்ணீரோடு சொன்னார்: ஆண் வேடத்தில் வந்து என் எஜமானரை நான்தான் ஏமாற்றினேன், உலகைச் சுற்றும் பயணம் என்றதும் ஆசை வந்துவிட்டது. இரண்டாவது பாதி உண்மையாகவே இருக்கலாம். முதல் பாதி சுத்தப் பொய். அரசாணையை மீறிய குற்றம் கொம்மர்சோன் மேல் விழாமல் தன் மேல் இழுத்துக்கொள்ளும் பொய். கப்பலேறுமுன் எழுதிய உயிலில் கொம்மர்சோன் தன் வீட்டுப் பணிப்பெண்ணான பாரேவுக்கு 600 லிவர் (லிவர் என்பது அன்றைய பிரெஞ்சுப் பணம்) எழுதிவைத்திருந்தார். அதிலும் அன்பு இருந்திருக்கும். ஆனால் ஆவணங்களில் நான் தேடிப் பார்த்த காதல் மொழி, நான்கு வருடம் முன்பு தகப்பன் பெயரைச் சொல்லாத அந்த வாயிலிருந்து வந்த இந்தப் பொய்தான்.

1768 இறுதியில் மொரீசியசில் இருவரும் கப்பலைவிட்டு இறங்கிக்கொண்டார்கள். 1773-இல் கொம்மர்சோன் அங்கேயே இறந்தார். மடகாஸ்கரில் கண்ட ஒரு செடிக்குப் பாரேவின் பெயரை வைக்க நினைத்திருந்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. பாரே போர்ட் லூயிசில் மதுக்கடை நடத்தினார், 1774-இல் துபெர்னா என்ற பிரெஞ்சுப் படைவீரரை மணந்தார். 1785-இல் பிரெஞ்சு அரசு அவரை அசாதாரணப் பெண் என்று குறிப்பிட்டு, ஆண்டுக்கு 200 லிவர் ஓய்வூதியம் கொடுத்தது.

அதற்குச் சுமார் பத்து வருடம் முன்பே கணவரோடு பிரான்சு திரும்பியிருந்தார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணின் வட்டம் அந்தக் கடைசிப் பயணத்தில்தான் முழுமையானது. இந்த முறை வேடம் தேவைப்படவில்லை. எந்த நாளில் கரையிறங்கினார் என்று யாரும் குறித்துவைக்கவும் இல்லை.

வணக்கம்.