அந்தக் குன்றுக்கும் போகட்டும்

(ஜேர்மனியில் ஒரு தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்புச் சுற்றுலாக் கடிதம் வந்தால் எங்கள் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இரவில் எங்கே தங்க வைப்பார்கள்?" பெண்பிள்ளை என்றால் அதே கேள்வி மூன்று முறை எழும். என் வீட்டிலும் எழுந்தது. இளைஞர் விடுதி, பெண்பிள்ளைகளுக்குத் தனி அறைகள், அதே மாடியில் ஆசிரியர்கள். சரி, அது முடிந்தது. அடுத்த கேள்வி கொஞ்சம் தாழ்ந்த குரலில் வரும்: "வைமாரைப் பார்க்கட்டும், அந்த முகாமுக்கு ஏன் கூட்டிப் போகிறார்கள்?" வைமார் நகரத்துக்குப் பக்கத்தில் நாஜிகள் நடத்திய புகன்வால்ட் வதைமுகாம்தான் அது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

போன ஆண்டு மகளின் வகுப்போடு துணைக்கு நானும் வைமாருக்குப் போனேன். தேசிய நாடக அரங்கின் முன்னால் ஜேர்மன் கவிஞர்கள் கோதேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் சிலை, 1857 இல் வைத்தது. உண்மையில் ஷில்லர்தான் நல்ல உயரம். சிற்பி இருவரையும் ஒரே உயரமாக்கிவிட்டார். இதைக் கேட்டதும் பிள்ளைகள் சோடி சோடியாக நின்று உயரம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கோதே ஏறக்குறைய 50 ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில் அந்த உற்சாகம் இல்லை. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் கால் வலித்தது.

அப்புறம் அன்னா அமாலியா நூலகம். 2004 செப்டெம்பர் 2 ஆம் திகதி இரவு அதன் கூரைப்பகுதி தீப்பிடித்தது. ஊர் மக்களும் ஊழியர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களை வெளியே எடுத்தார்கள். மார்ட்டின் லூத்தர் ஜேர்மன் மொழியில் பெயர்த்த பைபிளின் 1534 ஆம் ஆண்டுப் பிரதி தப்பியது. ஆனாலும் சுமார் 50,000 நூல்கள் அழிந்தன. 62,000 நூல்கள் தீயிலும் தண்ணீரிலும் பழுதாகின. திருத்தி, 2007 இல் மீண்டும் திறந்தார்கள். அந்த வெள்ளையும் பொன்னுமான மண்டபத்தில் நிற்கும்போது எனக்கு எந்த நூலகம் நினைவுக்கு வந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது விபத்து, 1981 இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது விபத்தல்ல. பக்கத்தில் நின்ற மகளிடம் அதை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன். பதினைந்து வயது வரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சின்னப் பிள்ளை என்று நினைத்தேன் என்றேன்.

மறுநாள் எட்டர்ஸ்பெர்க் குன்று. நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர்தான், பேருந்தில் கொஞ்ச நேரம். 1937 இல் அங்கே புகன்வால்ட் முகாமைக் கட்டினார்கள். 1945 வரை சுமார் 2,80,000 பேரை அடைத்தார்கள். சுமார் 56,000 பேர் இறந்தார்கள். கோதே உலாவிய குன்று அது.

வாசல் கதவில் இரும்பு எழுத்துகள்: 'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு'. வெளியே நிற்பவருக்கு அது கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறித் தெரியும். உள்ளே நிற்கும் கைதி நேராக வாசிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளை வடிவமைக்கும் வேலையை பிரான்ஸ் ஏர்லிக் என்ற கைதியிடம் கொடுத்தார்கள். அவர் பௌஹவுஸில் படித்தவர். 1919 இல் வைமாரில் தொடங்கி, 1925 இல் அங்கிருந்து டெசாவுக்குப் போக நேர்ந்த கலைப்பள்ளி அது. நாஜிகளுக்கு ஆகாத அந்தப் பள்ளியின் எழுத்து வடிவத்திலேயே ஏர்லிக் அந்த வரியைச் செய்து கொடுத்தார். காவலர்களுக்கு அது விளங்கவில்லை. முதல்நாள் பௌஹவுஸ் நாற்காலிகளைப் பார்த்துக் கொட்டாவி விட்ட பையன்கள், இதைக் கேட்டதும் கதவின் அருகே போய் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்கள். நகரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் அந்த நாற்காலிகள் கொட்டாவியோடு போயிருக்கும்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வைமார்வாசிகள் சுமார் ஆயிரம் பேரைக் குன்றுக்கு நடத்திச் சென்று முகாமைக் காட்டியது. தங்களுக்குத் தெரியாது என்று பலர் சொன்னார்கள். எட்டுக் கிலோமீட்டர்.

கைதிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிய திடலில் தரையோடு தரையாக ஓர் உலோகத் தகடு இருக்கிறது. அதை எப்போதும் 37 பாகை வெப்பத்தில், மனித உடலின் சூட்டில், வைத்திருக்கிறார்கள். பனி விழுந்தாலும் அதன்மேல் தங்காது. பிள்ளைகள் குனிந்து உள்ளங்கையை வைத்தார்கள். யாரும் படம் எடுக்கவில்லை. விடுதிக்குத் திரும்பி இரண்டு மணி நேரத்தில் பழையபடி தலையணைச் சண்டை. ஆசிரியர் சத்தம் போட்டார். பிள்ளைகள் உடைந்துபோவார்களோ என்று பயப்படும் அம்மாமாருக்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் முகாமுக்கென்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது, பலர் அதை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். கடிதங்கள் இந்த மேசையில்தான் இருக்கின்றன. பேனா வேண்டுமென்றால் என்னிடம் வாங்குங்கள்.