எளிய இடர் மதிப்பீடு: எண் எதற்கு, கேள்வி எது

நேயர்களுக்கு வணக்கம். பணியிடப் பாதுகாப்பு என்றதும் தடித்த கோப்புகளும் வெளியிலிருந்து வரும் நிபுணர்களும் நினைவுக்கு வருவதால், சிறிய பட்டறைகளை நடத்துவோர் பலர் அது தமக்கு உரியதன்று என ஒதுங்கிவிடுகின்றனர். அவர்களும் ஒரு தாளும் பேனாவும் கொண்டு செய்யக்கூடிய எளிய மதிப்பீட்டு முறைகளைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

மிகப் பரவலான முறை இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: விபத்து நேரும் வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் விளையும் கேடு எவ்வளவு? இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அன்றாடம் விரலில் ஏற்படும் சிராய்ப்பும் (5 × 1), என்றோ ஒருநாள் நேரக்கூடிய மரணமும் (1 × 5) ஒரே மதிப்பெண் பெற்றுவிடும். ஆகவே பெருக்குத்தொகையை மட்டும் பார்க்காமல், கேட்டின் அளவு 5 என வந்த இனங்களைத் தனியே எடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது.

அமெரிக்கக் கடற்படை ஆயுத மையத்தின் வெளியீடாக 1976இல் வந்த கின்னி, விருத் இருவரின் முறை, ஆபத்தை ஒருவர் எவ்வளவு அடிக்கடி எதிர்கொள்கிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டது. ஓரத் தடுப்பில்லாத கூரையில் நாள்தோறும் ஏறி வேலை செய்கிறார்கள் என்று கொள்வோம். அம்முறைக்கே உரிய மதிப்பெண் பட்டியல்படி வாய்ப்புக்கு 3, நாள்தோறும் ஏறுவதற்கு 6, உயிரிழப்புக்கு 15 என்று இட்டுப் பெருக்கினால் 270 வரும். 200ஐத் தாண்டினால் உடனே திருத்த வேண்டும் என்பது அம்முறையின் விதி. வாரம் ஒருமுறை மட்டும் ஏறினால் 135 ஆகக் குறையும்; அப்போதும் திருத்தம் தேவை என்றே பட்டியல் சொல்கிறது.

ஆனால் 'வாய்ப்பு எவ்வளவு' என்ற கேள்வியே சிக்கலானது. 'இத்தனை ஆண்டுகளில் ஒன்றும் நடக்கவில்லையே' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அது பாதுகாப்பைப் பற்றியதன்று, இதுவரை தப்பித்ததைப் பற்றியது. ஸ்பெயினின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட எளிய முறை இந்த இடத்தில் கேள்வியையே மாற்றிவிட்டது. இயந்திரத்தின் பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா, அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்கிறதா, தொழிலாளிக்குப் பயிற்சி தரப்பட்டதா என்று சரிபார்ப்புப் பட்டியல் கொண்டு குறைபாட்டை அளந்து, அதற்கு 2, 6 அல்லது 10 மதிப்பெண் தருகிறது. அதை ஆபத்தை எதிர்கொள்ளும் அளவால் பெருக்கினால் கிடைப்பதே வாய்ப்பின் அளவு. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதைக் கேட்பதால், மேலாளரும் தொழிலாளியும் அளிக்கும் விடைகள் அதிகம் விலகுவதில்லை. இம்முறைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

இவை எல்லாம் விபத்துக்குப் பொருந்தும்; மெல்ல வரும் நோய்க்கு அவ்வளவாகப் பொருந்தா. தூசியும் கரைப்பான் ஆவியும் பல ஆண்டுகள் கழித்தே தம் வேலையைக் காட்டும். இதற்காகப் பிரிட்டன் 1999இல் அறிமுகப்படுத்திய வழியில் காற்றை அளக்கும் கருவிகூடத் தேவையில்லை. புட்டியின் மீதுள்ள அபாயக் குறிப்பு, கையாளும் அளவு கிராமா கிலோவா டன்னா என்பது, பொருள் எவ்வளவு எளிதில் தூசியாகவோ ஆவியாகவோ பரவும் என்பது ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்தால், பொதுவான காற்றோட்டம் போதுமா, எழும் இடத்திலேயே உறிஞ்சும் அமைப்பு வேண்டுமா, முழுதும் மூடிய அமைப்பு வேண்டுமா, நிபுணரை அழைக்க வேண்டுமா என்ற நான்கில் ஒரு விடை கிடைக்கும். இரைச்சலுக்கோ அதைவிட எளிய சோதனை உண்டு: இரண்டு மீட்டர் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்தியே பேச வேண்டியிருந்தால், முறையாக அளந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

எந்த முறையானாலும், மதிப்பெண் எதை முதலில் திருத்துவது என்ற வரிசையைத் தருவதற்கே. 270 என்பது 135ஐப் போல் சரியாக இருமடங்கு ஆபத்து என்று பொருளில்லை. திருத்தும்போதும் முகக்கவசத்தையும் கையுறையையும் கடைசியில் வைத்து, ஆபத்தையே நீக்க முடியுமா, மாற்றுப் பொருள் உண்டா, தடுப்பு அமைக்கலாமா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அந்தத் தாளில் பொறுப்பாளரின் பெயரையும் முடிக்க வேண்டிய நாளையும் எழுதி, புதிய இயந்திரமோ புதிய பொருளோ வரும்போதெல்லாம் மறுபடியும் மதிப்பிட வேண்டும். நன்றி, வணக்கம்.