மரம் விழுந்த ஓடையில்தான் மீன் இருக்கும்

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில், மலையிலிருந்து இறங்கிப் பசிபிக் கடலுக்குப் போகும் ஓடைகள் ஏராளம். 1950களிலிருந்து இருபது இருபத்தைந்து ஆண்டுகள், அந்த ஓடைகளில் விழுந்து கிடந்த மரங்களை மீன்வளத் துறையினரே ஆள் வைத்து, இயந்திரம் வைத்து இழுத்து வெளியே போட்டார்கள். சால்மன் மீன் மேலேறி வர வழி திறந்துவிடுகிறோம் என்று மனதார நம்பித்தான் செய்தார்கள். இன்றைக்கு அதே மாநிலங்களில் ஓடைக்குள் போட ஹெலிகாப்டரில் மரம் தூக்கி வருகிறார்கள். நடுவில் என்ன புரிந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கோஹோ என்ற சால்மன் வகையை எடுத்துக்கொள்வோம். இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து ஓடைக்கு வருகிறது. தாய் மீன் வாலால் சரளையைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடுகிறது. சில வாரங்களில் இறந்தும் போகிறது. வசந்தத்தில் குஞ்சுகள் சரளைக்குள்ளிருந்து வெளியே வருகின்றன. இளஞ்சிவப்பு சால்மன் என்ற இன்னொரு வகையின் குஞ்சு உடனே கடலைப் பார்க்கக் கிளம்பிவிடும். கோஹோ குஞ்சு அப்படியில்லை. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே தங்கும். ஒரு கோடையையும் ஒரு குளிர்காலத்தையும் அது அங்கேயே கழித்தாக வேண்டும்.

அதற்குச் சிக்கலே இந்த இரண்டு பருவங்கள்தான். கோடையில் தண்ணீர் வற்றிச் சூடேறும். ஆழமான, குளிர்ந்த மடு வேண்டும். குளிர்காலத்தில் மழை கொட்டி வெள்ளம் வரும். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுக்கு ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். இரண்டையும் கொடுப்பது விழுந்த மரம்.

எப்படி என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கரை அரித்து, பெரிய ஸ்ப்ரூஸ் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஓடைக்குக் குறுக்கே கிடக்கிறது என்று வையுங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் மரத்தில் முட்டி வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும், உருட்டிக்கொண்டு வந்த சரளையை அங்கேயே இறக்கிவிடுகிறது. முட்டையிட அந்தச் சரளைதான் படுக்கை. அப்புறம் தண்ணீர் மரத்தின் மேலேறி மறுபக்கம் விழுகிறது. விழுந்த இடத்தில் படுகையைத் தோண்டுகிறது. அதுதான் மடு. மேலே சேர்ந்த சரளைக்குள் இறங்கிய நீரில் ஒரு பகுதி அடியாகவே கசிந்து மடுவுக்குள் வரும்போது குளிர்ந்து வருகிறது. வேர்ப்பக்கம் போனால் அது இன்னொரு உலகம். அந்த வேர்ச்சிக்கலுக்குள் நீரோட்டம் உடைந்து போகிறது. வெளியே வெள்ளம் பாய, காற்றுக்குச் சுவரோரம் ஒதுங்குவது போல, குஞ்சுகள் உள்ளே நிற்கின்றன. மீன்கொத்திக்கும் நீர்நாய்க்கும் அங்கே அவற்றைப் பிடிப்பது சுலபமில்லை. இலைச்சருகும், இறந்துபோன பெரிய மீன்களின் உடலும் அந்த வேரிலேயே சிக்குகின்றன. அவற்றைத் தின்று பூச்சிகள் பெருகுகின்றன. பூச்சிகளைத் தின்று குஞ்சுகள் வளர்கின்றன. கடலில் சேர்த்த சத்து மலைக்காட்டில் தங்குவது இப்படித்தான்.

மரத்தை எடுத்துவிட்டால்? அடுத்த பெருவெள்ளத்தில் சரளை போகும், மடு தூரும். பல ஓடைகளில் வெறும் பாறைதான் மிஞ்சியது.

மீன்வளத் துறையை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்கு வெகுகாலம் முன்பே பாழ்படுத்தல் தொடங்கிவிட்டது. வெட்டிய மரங்களைக் கீழே கொண்டுவர, ஓடையில் மரத்தாலேயே தற்காலிக அணை கட்டித் தண்ணீரைத் தேக்குவார்கள். பிறகு ஒரே அடியாகத் திறந்துவிடுவார்கள். கட்டைகளும் வெள்ளமும் சேர்ந்து படுகையைச் சுரண்டிக்கொண்டு போகும். பெரிய ஆறுகளில் படகு போக வேண்டும் என்று சுத்தம் செய்தார்கள்; ஓரிகனின் வில்லமெட் ஆற்றில் மட்டும் 1870க்கும் 1950க்கும் இடையில் அகற்றிய மரங்கள் 60,000க்கும் மேல். மரவெட்டுக்காரர்கள் கிளையும் கழிவுமாக ஓடைக்குள் கொட்டிவைத்த குவியல்கள் சில இடங்களில் மீனை உண்மையிலேயே மறித்தன. அதைப் பார்த்த கண்ணுக்கு எல்லா மரமும் குப்பையாகத் தெரிந்தது. இயற்கையாகச் சேர்ந்த மரக்குவியலில் தண்ணீர் புகுந்து போகப் பத்து சந்து இருக்கும், அந்தச் சந்து வழியாக சால்மனும் போகும் என்பதைப் பொறுமையாக நின்று பார்க்கவில்லை. எனக்கு இதில்தான் ஆற்றாமை.

இப்போது திருப்பிப் போடுவதற்கும் கணக்கு இருக்கிறது. ஓரிகனில் பின்பற்றும் அளவு இது: ஓடை கரை தொட்டு ஓடும்போது எவ்வளவு அகலமோ, அதைப்போல் இரண்டு மடங்கு நீளமான மரம் வேண்டும், வேரோடு இருந்தால் ஒன்றரை மடங்கு போதும். அதைவிடச் சின்னதை வெள்ளம் தூக்கிக்கொண்டு போய்விடும். பாலத்துக்கு மேல்புறமாக ஓடையில், படகு போகும் இடத்தில் எல்லாம் இஷ்டத்துக்குப் போட முடியாது, சரி. வாஷிங்டனின் எல்வா ஆற்றில் இருந்த இரண்டு பெரிய அணைகள், மேலிருந்து வரும் சரளையையும் மரத்தையும் எண்பது ஆண்டுக்கும் மேலாக மறித்து நின்றன. 2011 முதல் 2014 வரை அவற்றை இடித்தார்கள். அந்த ஆற்றின் பூர்வகுடிகளான லோயர் எல்வா க்ளாலம் மக்கள் அதற்கு முன்பே கீழ்ப்பகுதியில் மரக்குவியல்களைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். மீனை எதிர்பார்த்து முன்கூட்டியே இடம் தயார் செய்த அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் எத்தனை காலத்துக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பது? சிடார் மரம் தண்ணீரில் பல தலைமுறை கிடக்கும். காடு வெட்டிய கரைகளில் இப்போது மண்டியிருக்கும் ஆல்டர் மரம் சில ஆண்டுகளிலேயே மட்கிவிடும். ஓடைக்குத் தானாக மரம் வர வேண்டுமானால் கரையில் கிழட்டு மரங்கள் நிற்க வேண்டும், நின்று சாக வேண்டும், சாய்ந்து விழ வேண்டும். தனியார் காடுகளில் ஓடைக்கரையில் வெட்டாமல் விடவேண்டிய அகலத்தை அதிகப்படுத்தி ஓரிகன் 2022இல் சட்டம் இயற்றியது. அந்தக் கரையில் இன்று நடும் சிடார் கன்று, ஓடையைத் தடுத்து நிற்கும் அளவுக்குப் பருக்க நூறாண்டுக்கு மேலாகும். அதுவரை ஹெலிகாப்டர் வேலையும் நடக்க வேண்டும், கன்று நடும் வேலையும் நடக்க வேண்டும்.