நீரோவின் காசுகளை ஏன் வருட வரிசையில் பார்க்க வேண்டும்?

[திரையில்: இரண்டு முகங்கள் எதிரெதிரே இருக்கும் தங்கக் காசு]

வணக்கம். இந்தக் காசில் இருவர் மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ரோமப் பேரரசர் நீரோ, அரியணை ஏறும்போது அவருக்கு வயது 16. எதிரில் அவருடைய அம்மா அக்ரிப்பினா. அடித்தது கி.பி. 54-இல். சரி, முகத்தை விட்டுவிட்டு விளிம்பில் ஓடும் எழுத்தைப் படியுங்கள்: முன்பக்கம் முழுக்க அம்மாவின் பெயரும் பட்டமும்தான், பேரரசரின் பெயர் பின்பக்கத்துக்குப் போய்விட்டது! ஆட்சி யார் கையில் இருந்தது என்று இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

[திரையில்: அடுத்த காசு, இரண்டு முகங்களும் ஒரே திசையில்]

இது 55. இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், நீரோ முன்னால், அம்மா அவர் பின்னால் பாதி மறைந்து. பெயர்களும் இடம் மாறிவிட்டன, முன்பக்கம் இப்போது மகனுக்கு. அப்புறம் வரும் ரோமக் காசுகளில் அக்ரிப்பினாவே இல்லை. 59-இல் மகனே ஆள் வைத்து அம்மாவைக் கொன்றுவிட்டார்.

ரோமக் காசு சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பலரும் ஆளுக்கு ஒரு காசு என்று ஜூலியஸ் சீசரில் தொடங்கும் ரோமின் முதல் பன்னிரண்டு ஆட்சியாளர்களையும் (பன்னிரண்டு சீசர்கள்) வரிசையாகச் சேர்க்க ஆசைப்படுகிறார்கள். அது அழகான தொகுப்புதான், ஆனால் எனக்குப் பிடித்தது ஒரே ஆளை எடுத்துக்கொண்டு வருடம் வருடமாகப் பின்தொடர்வது, ஏனென்றால் ஒரு காசு தனியாகச் சொல்லாததை அதற்கு அடுத்த காசு சொல்லிவிடும்.

[திரையில்: இளம் நீரோவும் பிந்தைய நீரோவும் பக்கத்தில் பக்கத்தில்]

முகத்தையே பாருங்கள். ஒல்லியான பையன், பத்தே வருடத்தில் கழுத்து தடித்து, தாடை இறங்கி, முடி படிப்படியாக அடுக்கி வாரியிருக்கிறது. இதை யாரும் மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. பின்பக்கங்களில் அவர் எதைப் பெருமையாக நினைத்தார் என்பது வருகிறது: கப்பல்கள் நிற்கும், ரோமுக்கான ஓஸ்டியா துறைமுகம் (பெரும்பகுதி வேலையைத் தொடங்கிச் செய்தது அவருக்கு முன்னிருந்த கிளாடியஸ்), போர் ஓய்ந்ததால் கதவு சாத்திய ஜானஸ் கோயில், கையில் யாழோடு பாடும் இசைக் கடவுள் அப்பல்லோ. மேடையேறிப் பாடிய பேரரசர் என்பதால் அந்த அப்பல்லோவை நீரோவாகவே பார்த்தவர்கள் அன்றைக்கே இருந்தார்கள்.

64-இல் ரோம் எரிந்தது. அதே காலத்தில் வெள்ளிக் காசான டெனாரியஸின் எடை குறைந்தது. ஒரு ரோமன் பவுண்டு வெள்ளிக்கு 84 காசு என்று இருந்தது 96 ஆனது, வெள்ளியின் தூய்மையும் இறங்கியது. இதன் தடம் நம் பக்கத்திலும் தெரிகிறது. தென்னிந்தியாவில் கிடைத்த ரோம வெள்ளிப் புதையல்களில் நீரோவுக்கு முந்தைய பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள்தான் குவியல் குவியலாக இருக்கின்றன, நீரோ குறைத்து அடித்த வெள்ளி அபூர்வம். 

68-இல் நீரோ தற்கொலை செய்துகொண்டார். அவருடைய சில செப்புக் காசுகளில் எஸ்.பி.கியூ.ஆர். என்று, அதாவது செனட்டும் ரோமானிய மக்களும் என்று, பிற்பாடு முத்திரை குத்தியிருப்பார்கள், பல நேரம் சரியாகக் கழுத்தில். தேய்ந்த காசாக இருந்தாலும் இந்த முத்திரை தெரிந்தால் நான் விடமாட்டேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: தங்கம் எட்டாத விலை, செப்புக் காசிலிருந்து தொடங்குங்கள். கழுத்தின் நுனியில் குட்டி உருண்டை ஒன்று இருந்தால் அது இன்றைய பிரான்ஸிலுள்ள லியோன் நகர அக்கசாலையில் (காசு அடிக்கும் இடத்தில்) அடித்தது. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, பரப்பில் பொடிக் குமிழிகள், இரண்டும் வார்ப்புப் போலியின் அடையாளம், ஏனென்றால் ரோமர்கள் இவற்றை அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். காசு இதற்கு முன் யார் கையில், எந்த ஏலத்தில் இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள், வாயால் சொல்வது போதாது. புரூட்டஸ் ஜூலியஸ் சீசரைக் கொன்றதைக் கொண்டாடி அடித்த தங்கக் காசு ஒன்று 2020-இல் 27 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது, பூர்வீகம் பொய் என்று தெரிந்து 2023-இல் கிரீஸுக்குத் திரும்பிவிட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள், உரிய அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வயலிலோ ஆற்றிலோ ஒரு குவியல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவியுங்கள். எந்த மண்ணில், எந்தப் பானையில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.